கிரகணமும் கர்ப்பிணியும்

ஒரு பெண் கருவுற்றிருக்கிறாள் என்று தெரிந்துவிட்டால் போதும், அவளுக்கு அறிவுரை கூற ஊரே திரண்டுவிடுகிறது. பப்பாளியைத் தொடாதே, குங்குமப்பூ போட்ட பால் குடி, பிள்ளை சிவப்பாகப் பிறக்கும், இரும்புச்சத்து மாத்திரை தின்னாதே, பிள்ளை கறுத்துப் போகும், வயிறு கூராக இருந்தால் ஆண், பரந்திருந்தால் பெண், நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் சிரமப்படும். இப்படித் தொகுத்துக்கொண்டே போனால் ஒரு சிறு நூலே ஆகிவிடும். இவற்றுள் சில வெறும் வேடிக்கை. சில தாயின் உடலைக் கெடுப்பவை. எல்லாவற்றையும் ஒரே கட்டுரையில் அலசப் புகுந்தால் எதையும் உருப்படியாகச் சொல்ல இயலாது. நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். ஆகவே என் பாடத்தோடு தொடர்புள்ள ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கிரகண வேளையில் கர்ப்பிணி வெளியே வந்தால் பிள்ளைக்கு ஊனம் உண்டாகும் என்னும் நம்பிக்கையே அது.

நான் வாழ்வது புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி. (குரு பகவான் கோயிலால் பெயர்பெற்ற ஆலங்குடி வேறு, அது திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. வியாழன் கோளோடு எங்களுக்கு உறவில்லை.) 2019 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த வளையச் சூரிய கிரகணத்தின் பாதை கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல் வழியாக எங்கள் மாவட்டத்தின் மேல் சென்று, கடல் தாண்டி யாழ்ப்பாணம், திருகோணமலைப் பக்கம் போயிற்று. காலை 8 மணி கடந்து சில நிமிடங்களில் சூரியனின் விளிம்பு கடிபடத் தொடங்கியது. 9.30 மணியளவில் சந்திரன் நடுவில் வந்து நிற்க, அதைச் சுற்றிலும் பொன் வளையமாகச் சூரியன் ஓரிரு நிமிடங்கள் ஒளிர்ந்தது. 11.20 மணிக்குள் எல்லாம் முடிந்து வழக்கமான வெயில் வந்துவிட்டது. ஒருவர் தம் ஊரிலேயே இருந்துகொண்டு இதைக் காண்பது வாழ்நாளில் ஒரு முறை வாய்த்தாலே பெரிது. அன்று எங்கள் தெருக்களில் பாதிக் கதவுகள் சாத்தியே கிடந்தன.

சாத்திய கதவுகளுக்குள் இருந்த கர்ப்பிணிகளுக்கு என்னென்ன விலக்குகள் என்பதை இப்பகுதியில் எந்த அப்பத்தாவைக் கேட்டாலும் சொல்லுவார். 'புள்ளத்தாச்சி' வாசலுக்கு வரக்கூடாது. காய் நறுக்கக்கூடாது, ஊசி நூல் எடுக்கக்கூடாது, உடம்பைச் சொறியக்கூடாது. கால் நீட்டி நேராகப் படுத்திருக்க வேண்டும். சோறு கூடாது, தண்ணீரும் கூடாது. சில வீடுகளில் சிறுநீர் கழிக்கவும் எழுந்திருக்கக்கூடாது. மீறினால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் அல்லது உடம்பில் மச்சம் விழுந்துவிடும்.

கேலி செய்வதற்காக இதை எழுதவில்லை. தன் மருமகளுக்கோ பேத்திக்கோ கேடு வரக்கூடாது என்ற அன்பினால்தான் அந்த மூதாட்டி கதவைச் சாத்துகிறார். என்னுடைய குறை அவர் மீதன்று. படித்தவர்களாகிய நாம் அவருடைய நம்பிக்கைக்கு விஞ்ஞானச் சாயம் பூசித் தருகிறோமே, அதன் மீதுதான்.

கதிர் என்னும் மந்திரச் சொல்

"முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்களல்லர். கிரகணத்தின்போது காமாக் கதிரும் புற ஊதாக் கதிரும் அளவுக்கு மீறிப் பூமியில் விழுகின்றன. அவை கருவைத் தாக்கும். அதனால்தான் கர்ப்பிணிகளை உள்ளே இருக்கச் சொன்னார்கள்." ஆசிரியர்களின் ஓய்வறையிலும் பேருந்திலும் வாட்ஸ்அப்பிலும் நான் கேட்டும் படித்தும் சலித்த விளக்கம் இது. பாம்பு விழுங்குகிறது என்று சொல்லும் பாட்டியிடம், பேரன் "அப்படியா பாட்டி?" என்று திருப்பிக் கேட்கலாம். காமாக் கதிர் என்று பட்டதாரி ஒருவர் சொல்லிவிட்டால் கேள்வி அங்கேயே நின்றுவிடுகிறது. ஆகவே இந்தக் கதிர்களைச் சற்று விசாரிப்போம்.

சூரிய கிரகணம் என்றால் என்ன? பூமிக்கும் சூரியனுக்கும் இடையில் சந்திரன் வந்து மறைப்பது. சூரியன் ஏறத்தாழ 15 கோடி கி.மீ. தொலைவிலும் சந்திரன் ஏறத்தாழ 3,84,000 கி.மீ. தொலைவிலும் உள்ளன. சூரியனின் விட்டம் சந்திரனின் விட்டத்தைப் போல் 400 மடங்கு. தொலைவும் ஏறக்குறைய 400 மடங்கு. அதனால்தான் இரண்டும் நம் கண்ணுக்கு ஒரே அளவாகத் தோன்றுகின்றன. சந்திரனோ 3,474 கி.மீ. விட்டமுள்ள திண்மையான பாறைக் கோளம். அது எந்தக் கதிரையும் உண்டாக்குவதில்லை, பெருக்குவதுமில்லை. வருவதைத் தடுக்க மட்டுமே செய்யும். 2019இல் வளையம் தோன்றிய வேளையில் சூரியனின் முகத்தில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் மறைந்திருந்தது. அதாவது கண்ணுக்குத் தெரியும் ஒளி, வெப்பம் தரும் அகச்சிவப்புக் கதிர், புற ஊதாக் கதிர் மூன்றுமே வழக்கத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே வந்தன. கதிருக்கு அஞ்சுபவர் மற்ற நாளெல்லாம் அஞ்ச வேண்டும். அன்று காலை 9.30 மணிக்குத்தான் நிம்மதியாக வெளியே வந்திருக்க வேண்டும்!

சரி, குறைவாக வந்தாலும் அந்தக் கதிர் கருவை எட்டுமா? புற ஊதாக் கதிர் தோலில் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. கருவுக்கு முன்னே தோல், கொழுப்பு, வயிற்றுத் தசை, கருப்பைச் சுவர், பனிக்குட நீர் என்று எத்தனையோ திரைகள். சிவப்பொளி மட்டும் சதைக்குள் சற்று ஊடுருவும். இருட்டில் டார்ச் விளக்கை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள், விரலிடுக்குகள் சிவந்து ஒளிரும். அவ்வாறு நிறைமாத வயிற்றுக்குள் மங்கலான செவ்வொளி சிறிது போகக்கூடும். அது வயல் வரப்பில் நடக்கும் ஒவ்வொரு நாளும் போவதுதான். சூரியனிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களையோ வளிமண்டலத்தின் மேலடுக்குகளே விழுங்கிவிடுகின்றன. காமாக் கதிரும் அவ்வாறே தரைக்கு வந்து சேர்வதில்லை.

கர்ப்பிணி எச்சரிக்கையாக இருக்க வேண்டிய கதிர் ஒன்று உண்மையாகவே உண்டு. அது வானத்திலிருந்து வருவதன்று; மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் இருப்பது. 1950களில் ஆக்ஸ்போர்டில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்னும் மருத்துவர், புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் தாய்மார்களை விசாரித்தார். அவர்களுள் கர்ப்ப காலத்தில் வயிற்றில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர்கள் மற்றவர்களைவிட அதிகம் என்று கண்டறிந்தார். தொடக்கத்தில் மருத்துவ உலகம் அதை ஏற்கத் தயங்கியது, பிற்பாடு ஏற்றுக்கொண்டது. "கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்கவும்" என்று அந்த அறை வாசலில் எழுதியிருப்பதன் பின்னணியில் இத்தகைய ஆய்வுகள் உள்ளன. கதிரின் தீமையைக் கண்டறிய வேண்டுமென்றால் இப்படித்தான் கண்டறிய வேண்டியிருக்கிறது.

கதிர் வாதம் எடுபடாதபோது ஈர்ப்பு விசையைத் துணைக்கு அழைப்பார்கள். "சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுக்கின்றனவே!" ஆம், இழுக்கின்றன. ஒவ்வோர் அமாவாசையிலும் கிட்டத்தட்ட அதே கோட்டில் நின்று அதே அளவு இழுக்கின்றன. சந்திரனின் பாதை பூமியின் பாதைக்கு 5 பாகை சாய்ந்திருப்பதால் பெரும்பாலான அமாவாசைகளில் நிழல் பூமிக்கு மேலேயோ கீழேயோ தப்பிப் போகிறது, அவ்வளவுதான் வேறுபாடு. இரு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளுக்குத்தான் ராகு, கேது என்று நம் வானநூலார் பெயரிட்டார்கள். பாம்பு என்பது உண்மையில் இரண்டு புள்ளிகளே.

உலக்கையைப் பற்றியும் ஒரு சொல். கிரகணம் பிடித்திருக்கும் வரை தாம்பாளத்துத் தண்ணீரில் உலக்கை தானாக நிற்கும், விட்டதும் சாயும் என்பார்கள்; அதைப் பார்த்துத்தான் பல வீடுகளில் கர்ப்பிணியை வெளியே விடுகிறார்கள். பூண் கட்டிய உலக்கையின் அடி தட்டையானது. அதன் பொருண்மை மையத்திலிருந்து விழும் செங்குத்துக் கோடு அந்த அடிப்பரப்புக்குள் விழும்படி நிறுத்திவிட்டால் எந்த நாளிலும் நிற்கும். பொறுமையும் சமதளமான தாம்பாளமும் போதும். சாதாரணச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் வகுப்பறை மேசை மேல் நிறுத்திக் காட்டியிருக்கிறேன். மாணவர்களுக்குச் சற்று ஏமாற்றந்தான்.

உதடு எப்போது மூடுகிறது?

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். கிரகணத்தன்று அடைபட்டுக் கிடப்பது மூன்று மணி நேரத் தொல்லை. உதடு பிளந்த குழந்தை பிறந்தால் தாயின் மேல் விழும் பழியோ அவள் ஆயுள் முழுவதும் தொடர்கிறது. "கிரகணத்தன்னைக்கு நீ என்ன நறுக்கின?" என்ற கேள்வியைப் பிள்ளை பெற்றுப் படுத்திருப்பவளிடம் கேட்கும் வீடுகள் இன்றும் உள்ளன.

உங்கள் மேலுதட்டுக்கு நடுவே, மூக்குக்குக் கீழே ஒரு சிறு பள்ளம் இருக்கிறதல்லவா? விரலால் தொட்டுப் பாருங்கள். முகம் உருவான விதத்தின் அடையாளம் அது. கருவின் முகம் ஒரே துண்டாக உண்டாவதில்லை. நெற்றிப் பக்கத்திலிருந்து ஒரு பகுதியும் இரு கன்னங்களின் பக்கத்திலிருந்து இரு பகுதிகளும் வளர்ந்து வந்து நடுவில் ஒட்டிக்கொள்கின்றன. மேலுதடு இவ்வாறு ஒட்டிக்கொள்வது கர்ப்பத்தின் 4ஆம் வாரத்திலிருந்து 7ஆம் வாரத்துக்குள். வாயின் மேற்கூரையாகிய அண்ணம் மூடுவது 6ஆம் வாரத்திலிருந்து 9ஆம் வாரத்துக்குள். ஏதேனும் ஒரு காரணத்தால் இந்த இணைப்பு முழுமை பெறாவிட்டால் பிளவு தங்கிவிடுகிறது. நம் எல்லோருடைய உதட்டிலும் சில நாட்கள் அந்த இடைவெளி இருந்ததுதான்.

இந்த வாரக் கணக்கைக் கிரகணக் கணக்கோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். வயிறு தெரிய ஆரம்பித்த பிறகுதான், அதாவது நான்கு ஐந்து மாதங்களுக்குப் பின்தான், ஊரார் ஒருத்தியைக் கர்ப்பிணி என்று உள்ளே வைத்துப் பூட்டுகிறார்கள். அப்போது குழந்தையின் உதடும் அண்ணமும் மூடி முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன. கத்தரிக்காயை நறுக்கினாலும் கோடரியால் விறகு பிளந்தாலும் மூடிய உதடு திறக்கப் போவதில்லை. உண்மையில் உதடு உருவாகும் அந்த 4ஆம், 5ஆம் வாரங்களில் தான் கருவுற்றிருப்பதே பல பெண்களுக்குத் தெரியாது. நாள் தள்ளிப்போயிற்றா என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டு, வெயிலில் களை பறித்துக்கொண்டிருப்பாள். காவல் போடுகிற காலத்தில் ஆபத்து இல்லை. ஆபத்துள்ள காலத்தில் காவல் இல்லை.

பிறகு ஏன் இந்த நம்பிக்கை இத்தனை காலம் நிலைத்தது? கணக்கில்தான் விடை இருக்கிறது. பூமி முழுவதற்குமாக ஆண்டுதோறும் குறைந்தது இரண்டு சூரிய கிரகணங்கள் நிகழ்கின்றன. சந்திர கிரகணங்களும் ஏறக்குறைய அவ்வளவே. ஏறத்தாழ 173 நாட்களுக்கு ஒரு முறை கிரகணப் பருவம் வருகிறது. ஒவ்வொரு பருவத்திலும் குறைந்தது ஒரு சூரிய கிரகணமாவது உண்டு. கர்ப்ப காலமோ ஏறத்தாழ 280 நாட்கள். ஆக, பூமியில் எங்கோ ஒரு சூரிய கிரகணம் நிகழும்போது தாயின் வயிற்றில் இராத மனிதர் நம்மில் ஒருவரும் இல்லை! "நம் ஊரில் தெரிந்தால்தானே தோஷம்?" என்பீர்கள். அப்படியே கொண்டாலும், உதடு பிளந்த பிள்ளை பிறந்ததும் பஞ்சாங்கத்தைப் பின்னோக்கிப் புரட்டினால் சூரியனோ சந்திரனோ, முழுமையாகவோ அரைகுறையாகவோ, ஏதாவதொரு கிரகணம் பெரும்பாலும் அகப்படும். நல்ல உதட்டோடு பிறந்த ஆயிரம் பிள்ளைகளுக்காகப் பஞ்சாங்கத்தைப் புரட்டுவார் யாருமில்லை. புரட்டியிருந்தால் அங்கேயும் அதே கிரகணங்கள் அகப்பட்டிருக்கும்.

எங்கள் பகுதி வாசகர்கள் இதைச் சோதிக்கவும் வழியுண்டு. 2019 டிசம்பர் 26 அன்று கருவுற்ற தொடக்க வாரங்களில் இருந்தவர்களின் குழந்தைகள் 2020 ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் பிறந்தவர்கள். கோவை முதல் புதுக்கோட்டை வரை அகன்ற பட்டை முழுவதும் வளையம் தெரிந்தது. அன்று கருவைத் தாங்கியிருந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பர். கிரகணம் உதட்டைப் பிளக்குமானால் அந்த ஆண்டுப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர்கள் திகைத்துப் போயிருக்க வேண்டும். உங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளிக்குப் போய்ப் பாருங்கள்.

வெளிநாட்டுச் செய்தி ஒன்றும் இங்கே பொருத்தமாக இருக்கும். மெக்சிகோ நாட்டிலும் இதே அச்சம் நெடுங்காலமாக உண்டு. கிரகணத்தில் சந்திரன் கடிபடுவதுபோல் பிள்ளையின் உதடும் கடிபட்டுவிடும் என்று அங்குள்ள பழங்குடியினர் கருதினர். அதற்கு அவர்கள் கண்ட பரிகாரம் என்ன தெரியுமா? கூர்மையான எரிமலைக் கண்ணாடிக் கத்தியைக் கர்ப்பிணி வயிற்றருகே வைத்துக்கொள்வது! பிற்காலத்தில் அதுவே இரும்பு ஊக்கு, சாவி என்று மாறி, இன்றும் உள்ளாடையில் ஊக்குக் குத்திக்கொள்ளும் பெண்கள் அங்கே இருக்கிறார்கள். நம் ஊரிலோ கத்தி, ஊசி, ஊக்கு எதையும் தொடக்கூடாது. ஒரே நோய்க்கு ஒரு நாட்டில் மருந்தாக இருப்பது மற்றொரு நாட்டில் நஞ்சாக இருக்கிறது. இரண்டு நாட்டிலும் பிளவுபட்ட உதட்டோடு பிறக்கும் குழந்தைகள் பிறந்துகொண்டேதான் இருக்கின்றன. உலகளவில் ஏறத்தாழ 700 பிறப்புகளுக்கு ஒன்று என்பது மருத்துவ நூல்கள் தரும் கணக்கு.

உண்மைக் காரணங்கள் எவை? ஒரே காரணத்தைச் சுட்டிக்காட்ட இயலாது. பரம்பரைக் கூறுகளுக்குப் பெரும் பங்குண்டு. அவை தந்தை வழியிலும் வரலாம் என்பதை மாமியார்கள் கவனிக்க வேண்டும். கர்ப்பத்துக்கு முன்பே கட்டுப்படாமல் இருக்கும் நீரிழிவு, புகைப்பழக்கம், வலிப்பு நோய்க்குத் தரப்படும் சில மருந்துகள் ஆகியவை வாய்ப்பைக் கூட்டுகின்றன. (அதற்காக வலிப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது, அது இன்னும் பெரிய ஆபத்து. கருவுறத் திட்டமிடும்போதே மருத்துவரைக் கேட்டு மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.) ஃபோலிக் அமிலச் சத்து போதாமையும் ஒரு காரணமாகலாம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். முதுகுத்தண்டு சரியாக மூடாமற்போகும் குறையை ஃபோலிக் அமிலம் பெருமளவு தடுக்கிறது என்பதோ உறுதிப்பட்ட செய்தி. அதையும் கருவுறுவதற்கு முன்பிருந்தே உட்கொள்ள வேண்டும்.

பிளந்த உதடு தீர்க்க முடியாத ஊனமும் அன்று. உதட்டைச் சில மாதக் குழந்தையாக இருக்கும்போதும், அண்ணத்தை ஒன்றரை வயதுக்குள்ளும் அறுவை செய்து சேர்த்துவிடுகிறார்கள். 2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தில் இதற்குச் செலவில்லாமல் சிகிச்சை பெறலாம். அதுவரை குழந்தையைப் படுக்க வைத்துப் பாலூட்டாமல் தலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஊட்ட வேண்டும். இல்லையேல் பால் மூக்கு வழியாக வரும், புரையேறும். தாய்க்கு அந்த நேரத்தில் சொல்லித்தர வேண்டியது இதைத்தான். கிரகண விசாரணையில் ஈடுபடும் வீட்டில் இதைச் சொல்ல ஆள் இருப்பதில்லை.

பட்டினிக் கணக்கு

சூரிய கிரகணத்துக்கு நான்கு யாமம் முன்பே உணவை விலக்க வேண்டும் என்பர் ஆசாரம் பார்ப்போர். யாமம் ஒன்றுக்கு 3 மணி நேரம். 2019 கிரகணத்துக்கு முந்திய இரவு 8 மணிக்கே சாப்பாட்டை முடித்துக்கொண்டவள், மறுநாள் 11.20க்குக் கிரகணம் விட்டு, தலை முழுகி, அடுப்புப் பற்றவைத்து உண்ணும்போது நண்பகல் தாண்டிவிடும். ஏறக்குறைய 16 மணி நேரப் பட்டினி! குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் விலக்கு உண்டென்று சாத்திரம் கற்றவர்களே கூறுவதுண்டு. பல வீடுகளில் கர்ப்பிணிக்கு அந்த விலக்குக் கிடைப்பதில்லை. கருவுற்றவளின் இரத்தச் சர்க்கரை, பட்டினி கிடந்தால் மற்றவர்களைவிட விரைவில் இறங்கும். சர்க்கரைக்காக இன்சுலின் போட்டுக்கொள்பவளானால் மயங்கியே விழலாம். சிறுநீரை அடக்குவது இன்னொரு கேடு. கர்ப்ப காலத்தில் சிறுநீர்த் தொற்று எளிதில் பற்றிக்கொள்ளும். மிகுந்தால் குறைப்பிரசவம் வரை கொண்டுபோகும்.

கிரகணத்தன்று ஒரு நாள் பட்டினி போடும் அதே எண்ணந்தான் மற்ற நாட்களில் இரும்புச்சத்து மாத்திரையைப் பரண்மேல் எறிகிறது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேர் இரத்தசோகை உள்ளவர்கள். பிரசவத்தில் இரத்தப்போக்கு ஏற்பட்டால் முதலில் உயிராபத்துக்கு உள்ளாவது இவர்களே. அரசு தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் உள்ளன. 180 நாட்கள் தவறாமல் விழுங்க வேண்டும். அதை விழுங்கினால் மலம் கறுத்துப் போவது உண்மை. உடல் ஏற்காத இரும்பு வெளியேறுகிறது, வேறொன்றுமில்லை. மலம் கறுப்பதைக் கண்டுதான் பிள்ளையும் கறுக்கும் என்று முடிவுகட்டினார்களோ என்னவோ! பிள்ளையின் நிறம் தாய் தந்தையரின் மரபணுக்களைச் சேர்ந்தது. இரும்பு அதைக் கறுப்பாக்குவதுமில்லை, குங்குமப்பூ சிவப்பாக்குவதுமில்லை. மாத்திரையைத் தேநீரோடு மட்டும் சேர்க்க வேண்டாம். தேயிலைத் துவர்ப்பு இரும்பை உடலில் சேரவிடாது.

பப்பாளியில் மட்டும் பாட்டிகள் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. காயின் பால் எலிகளின் கருப்பைத் தசையைச் சுருங்கச் செய்வதைச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். ஆகவே காயும் செங்காயும் வேண்டாம். நன்கு பழுத்த பழத்தில் அந்தப் பால் கிட்டத்தட்ட இராது. அதைத் தாராளமாக உண்ணலாம்.

இந்தியப் பெண் மருத்துவர்களின் முன்னோடியான முத்துலட்சுமி ரெட்டி 1886இல் பிறந்தது புதுக்கோட்டையில்தான். பெண்ணுக்குக் கல்லூரியில் என்ன வேலை என்று கேட்ட காலத்தில் இங்குள்ள மன்னர் கல்லூரியில் படித்து, 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். கர்ப்பிணிகளுக்கான தமிழ்நாடு அரசின் நிதியுதவித் திட்டம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அந்த உதவியைப் பெற்று வரும் பெண்ணைக் கிரகணத்தன்று நாம் பட்டினி போடுகிறோம்.

பஞ்சாங்கமும் நிழலும்

"அப்படியானால் நம் பழைய வானநூல் எல்லாம் பொய்யா?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அதுதான் வேடிக்கை. பழைய வானநூல் நிழலைத் தெளிவாக அறிந்திருந்தது. 499இல் ஆரியபட்டர் தம் நூலில், சூரியனைச் சந்திரன் மறைக்கிறது, சந்திரனைப் பூமியின் நிழல் மறைக்கிறது என்று எழுதிவிட்டார். பஞ்சாங்கத்தில் நேரம் குறிப்பவர்கள் பாம்பின் பசியைக் கணக்கிடுவதில்லை. நிழலின் நகர்வைத்தான் கணக்கிடுகிறார்கள். 1825இல் புதுச்சேரியில் ஜான் வாரன் என்னும் அதிகாரி, தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் வாய்பாடுகளை நினைவிலிருந்தே சொல்லி, தரையில் சோழிகளைப் பரப்பிச் சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்ததைப் பதிவு செய்துள்ளார். கிரகணத்தின் தொடக்கம் 4 நிமிட வேறுபாட்டில் சரியாக வந்தது. ஆனால் அந்தக் கணிதருக்குத் தாம் செய்த கணக்கின் பின்னாலிருந்த கோட்பாடு தெரியாது. மனப்பாடம் மட்டுமே இருந்தது என்றும் வாரன் குறித்திருக்கிறார். அந்தக் குறிப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சற்று வேதனையாக இருக்கும். கணக்கு கைக்கு வந்தது. காரணம் கைநழுவிப் போயிற்று.

இன்னொரு செய்தி நம் மாவட்டத்தாருக்கு. 1871 டிசம்பர் 12 அன்று முழுச் சூரிய கிரகணத்தின் நிழல், 2019இல் வந்த பாதையை ஒட்டியே, மலபார்க் கரையிலிருந்து நீலகிரி, புதுக்கோட்டை வழியாக இலங்கைக்குச் சென்றது. நார்மன் லாக்யர் தலைமையில் வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் பேக்கல், யாழ்ப்பாணம், திருகோணமலை முதலிய இடங்களில் நிலையம் அமைத்தபோது புதுக்கோட்டையிலும் ஒன்று அமைத்தார்கள். சில நிமிட இருளுக்காகக் கடல் கடந்து வந்தவர்கள் அவர்கள்.

கிரகணத்தில் உண்மையான ஆபத்து ஒன்றுண்டு: வெறுங்கண்ணால் சூரியனைப் பார்ப்பது. விழித்திரை வெந்து நிரந்தரமாகப் பார்வை குறையும். இது கர்ப்பிணிக்கு மட்டுமன்று, எல்லோருக்கும் பொது. கறுப்புக் கண்ணாடி, புகையேற்றிய கண்ணாடி, பழைய எக்ஸ்ரே படம் எதுவும் உதவாது. இதற்கென்றே செய்த வடிகட்டிக் கண்ணாடி வேண்டும். அது கிடைக்காதவர்கள் வானத்தைப் பார்க்காமலே கிரகணத்தைப் பார்க்கலாம். புளியமரத்தடிக்குப் போனால் இலை இடுக்குகள் ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கேமராவாகி, தரை முழுவதும் பிறைப் பிறையாகச் சூரியன் விழுந்து கிடக்கும். ஓட்டு வீட்டுக்குள் அடைபட்டவர்களுக்கும் கூரையில் உள்ள ஓட்டை இதே வேலையைச் செய்யும். துளையிலிருந்து தரை வரை ஒளி வரும் தூரம் 3 மீட்டரானால், சூரியனின் பிம்பம் ஏறத்தாழ 2.8 செ.மீ. அகலம் இருக்கும். 2019இல் கதவை இறுகச் சாத்திக்கொண்டிருந்த எத்தனையோ வீடுகளில், படுத்திருந்த கர்ப்பிணியின் பாயருகே சூரியன் வளையமாக வந்து விழுந்திருக்கக்கூடும்.

அடுத்த வளையக் கிரகணம் தமிழ்நாட்டுக்கு 2031 மே 21 அன்று வருகிறது. தேனி, மதுரைப் பக்கம் வளையம் தெரியும். நடுப்பகுதி நண்பகலைத் தாண்டியவுடன், சரியாக மதியச் சோற்று வேளையில் நிகழும். இன்று மேல்நிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் இதைப் படித்துக்கொண்டிருக்கும் மாணவிகளுள் சிலர் அன்று வயிற்றில் பிள்ளையோடு இருக்கலாம். நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டு, தபால் அட்டை ஒன்றில் ஊசியால் துளையிட்டு எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வாருங்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, அட்டையின் ஒளி வெள்ளைத் தாளில் விழும்படி பிடிக்க வேண்டும். உச்சி வெயிலானதால் தாளைத் தரையில் வைத்துவிட்டு அட்டையை மட்டும் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தால் பிம்பம் இன்னும் பெரிதாக விழும்.